வெள்ளைச் சட்டை பாயின் சிரிப்பு

போன வாரம் கோவிலம்பாக்கத்தில் ஒரு குடோனுக்குப் பேசப் போயிருந்தேன். இணையத்தில் வருகிற ஏதோ ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி. பெயர் சொன்னார்கள், மறந்துவிட்டது. இப்போதெல்லாம் நான் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வதில்லை. லொகேஷன் அனுப்பினால் போய் இறங்கிவிடுகிறேன். ஒரு நீள மேசை, நான்கு நாற்காலி, பின்னால் ஒரு பிளைவுட் சுவர். அந்தச் சுவருக்கு அன்று காலையில்தான் பெயின்ட் அடித்திருப்பார்கள் போலிருக்கிறது. உள்ளே கால் வைத்ததும் தின்னர் வாடை மூக்கில் ஏறியது. மற்றவர்கள் எல்லாரும் கர்சீப்பை எடுத்தார்கள். நான் மட்டும் நின்று நன்றாக ஒரு மூச்சு இழுத்தேன். டைரக்டர் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"ஆடியன்ஸ் எங்க தம்பி?" என்று கேட்டேன்.

"ஆடியன்ஸ்லாம் இல்ல சார். சிரிப்ப நாங்க எடிட்ல போட்டுக்குவோம்."

சரி என்று உட்கார்ந்துவிட்டேன். இருபது வருடமாக வாய் பேசியே பிழைத்தவனுக்கு இப்படிப்பட்ட இடங்களில் வாய் வருவதில்லை.

தின்னர் வாடை என்றால் எனக்கு அத்தா. அப்பாவை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். கீழ்க்கட்டளையில் பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் தள்ளி அவருக்கு ஒரு பெயின்ட் கடை இருந்தது. முன்னால் பெயின்ட் டப்பா அடுக்கு, உள்ளே கலர் கலக்குகிற மெஷின், மூலையில் பிரஷ்ஷும் உப்புத்தாளும். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அத்தா மேல் அந்த வாடை இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் அதற்கு மேல் கொஞ்சம் அத்தர் சேரும். சின்ன வயதில் பெருநாள் வந்தால் நானும் அக்கா மும்தாஜும் அத்தாவின் தோளில் மூக்கை வைத்துப் பார்த்து, எது ஜெயித்திருக்கிறது என்று சண்டை போடுவோம். பெரும்பாலும் தின்னர்தான் ஜெயிக்கும்.

என் பிழைப்பு அந்தக் கடையில்தான் தொடங்கியது. காலேஜ் முடித்து வேலை கிடைக்காமல் அங்கே உட்கார்ந்திருந்தேன். பெயின்ட் கடையில் உட்கார்ந்தவனுக்கு ஜோக் எழுதத் தனியாக மூளை வேண்டாம், காது இருந்தால் போதும். புருஷன் காலையில் வந்து சந்தன கலர் என்று காட்டி வாங்கிப் போவார். சாயங்காலம் பெண்டாட்டி டப்பாவோடு வந்து நிற்பார். "பாய், இது சந்தனமா? மஞ்சக்காமால மாதிரி கீது." எதிர் வீட்டுக்காரன் அடித்த அதே பச்சை வேண்டும், ஆனால் அவனைப் பார்த்து அடித்தது என்று தெரியக் கூடாது என்பார் இன்னொருவர். இவற்றையெல்லாம் மனசில் பிடித்துவைத்து, தாம்பரத்தில் ஒரு மாடி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைக் பிடித்துச் சொல்ல ஆரம்பித்தேன். ஜனங்கள் சிரித்தார்கள். அத்தாவுக்கு விஷயம் தெரிந்தபோது சிரிக்கவில்லை.

"கடைக்கு வர்றவங்கள வெச்சு நீ சிரிப்பு காட்டுற. நாளைக்கு அவங்க மேடவாக்கம் போய் பெயின்ட் வாங்குவாங்க. அப்ப யாரு சிரிக்கிறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு அது வலித்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அந்த ஒரு விஷயத்துக்காகத்தான். அத்தா என் ஜோக் ஒன்றுக்காவது சிரித்தாரா என்று தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஊரெல்லாம் சிரித்தாலும் வீட்டில் ஒருவர் சிரிக்காவிட்டால் கணக்கு நேராகாது எங்கள் தொழிலில். மற்ற தொழிலிலும் அப்படித்தானோ என்னவோ.

அதற்குப் பிறகு எஃப்எம் ரேடியோவில் காலை நிகழ்ச்சி கிடைத்தது. நாலு பக்கமும் கண்ணாடி, எதிரே மைக், பக்கத்தில் ஒரு பலகை நிறைய பட்டன். அதில் மூன்று பட்டன் சிரிப்புக்கு. சின்னச் சிரிப்பு, பெரிய சிரிப்பு, அப்புறம் ஒரு ஆள் மூச்சு முட்டிச் சிரிக்கிற மாதிரி ஒன்று. நான் ஜோக் சொல்லி, நானே பட்டனை அழுத்தி, நானே "அய்யோ போதும்ப்பா" என்பேன். ரேடியோ வேலையில் இதுதான் பேஜார். வெளியே ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும், ஆனால் ஒருத்தர் சிரிப்புகூட உள்ளே வராது. நாலு வருடம் அந்த மூச்சு முட்டுகிற ஆளோடுதான் குடித்தனம். அவர் யார் பெற்ற பிள்ளையோ.

கடையில் அத்தா அந்த நேரத்துக்கு ரேடியோவைப் போட்டு வைப்பார் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் சோறு சாப்பிடும்போது தைரியமாகக் கேட்டேவிட்டேன், எப்படி இருக்கிறது என்று.

"குரல் தெளிவா கேக்குது," என்றார். அடுத்த வாய் எடுத்தார்.

அப்புறம் டிவி. நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நடத்துகிறவர் கொடுக்கிற தலைப்பைப் பிய்த்து மேய்கிற நிகழ்ச்சி. வாரா வாரம் வரும். எனக்கு நான்காவது நாற்காலி. அது காமிராவுக்கு ஓரம். அகலக் காட்சியில் என் இடது கை தெரியும், குளோஸப்பில் பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தால் அவர் தோளுக்குப் பின்னால் என் காது தெரியும். இன்றைக்கும் குரோம்பேட்டையில் ஆட்டோ ஏறினால் டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சார், நீ அந்த டிவில ஓரமா குந்திகினு இருப்பியே, அவன்தானே?" என்று கேட்பார். ஆமாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். புகழ் என்பது என்னைப் பொறுத்தவரை இவ்வளவுதான்.

அந்த நிகழ்ச்சியின் நடுவில் நால்வரும் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் வந்து, தனியாக ஐந்து நிமிடம் பேச வேண்டும். அப்போது மட்டும் என் முழு உருவமும் நாட்டுக்குத் தெரியும்.

டிவியில் சிரிப்பு எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ஷூட்டிங் நாளில் ஜோக் ஒன்றும் தொடங்குவதற்கு முன்பே சிரிப்பை எடுத்து முடித்துவிடுவார்கள். கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம் பக்கத்திலிருந்து வள்ளி அக்கா என்பவர் ஆட்களை வேனில் கூட்டி வருவார். கூட்டம் வந்து உட்கார்ந்ததும் ஃப்ளோர் மேனேஜர் மைக்கில், "எல்லாரும் சின்னதா சிரிங்க. இப்ப நல்லா சிரிங்க. இப்ப பக்கத்துல இருக்கறவங்களத் தட்டிச் சிரிங்க. இப்ப கண்ணத் தொடச்சுக்கிட்டே சிரிங்க" என்பார். காமிரா ஒவ்வொரு முகமாகப் பிடிக்கும். நாங்கள் அந்த நேரம் மேக்கப் அறையில் இருப்போம். பிறகு எங்கள் ஜோக்குக்கு நடுவே இந்த முகங்களை வெட்டி ஒட்டுவார்கள். சோற்றை முதலில் வடித்து வைத்துவிட்டு அப்புறம் குழம்பைப் பார்த்துக்கொள்கிற மாதிரி.

வள்ளி அக்கா இந்தக் காரியத்தில் கெட்டி. ஒருமுறை நான் மேக்கப் அறை வாசலில் சோர்ந்து நின்றதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மூஞ்சி வாடிக்கீது? நீ பாட்டுக்கு பேசு. மொதல்ல நான் சிரிக்கிறேன், அப்பால எல்லாம் தானா வரும்," என்றார். அவர் சிரித்தால் வயிறு முன்னால் போகும், சிரிப்பு பின்னால் வரும்.

அத்தா ஒரே ஒரு தடவை அந்த நிகழ்ச்சிக்கு வந்தார். அக்காதான் பேசிப் பேசிக் கூட்டி வந்தாள். பெருநாள் இரண்டுக்கும் தவிர கடையை மூடாத மனுஷர், அன்று பாதி நாள் ஷட்டரை இறக்கிவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து இரண்டாவது வரிசையில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அன்றைக்கென்று பெயின்ட் கடையைத்தான் பேசினேன். வேறு ஏதாவது பேசியிருக்கலாம். ஆனால் கையில் இருந்ததில் அதுதான் நல்ல சரக்கு, அதைத்தான் அவருக்குக் காட்ட ஆசை. மேடையில் நிற்கிறவனுக்கு முகத்தில் அடிக்கிற வெளிச்சத்தில் எதிரே ஒன்றும் தெரியாது. இருட்டுக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வரும். அன்று நல்ல சத்தம் வந்தது. அதில் அத்தாவின் குரல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே பேசினேன். இருந்ததாகத் தெரியவில்லை.

முடித்துவிட்டு இறங்கி வந்தால், "லைட்டு ரொம்ப சூடுல்ல. தண்ணி குடி," என்றார். அவ்வளவுதான்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். அம்மா மட்டன் சமோசா போட்டிருந்தார். நான் திரையில் சந்தன கலரைச் சொல்லி முடித்தேன். உடனே வெட்டி ஒரு முகத்தைக் காட்டினார்கள். அத்தா. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, கடைவாய்ப்பல் விழுந்த ஓட்டை தெரிய, தோள் குலுங்கச் சிரிக்கிறார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே கிடையாது. அம்மா, "பாரு, உங்கத்தா எப்படிச் சிரிக்கிறாரு," என்றார். அத்தா இன்னொரு சமோசாவை எடுத்துக்கொண்டார். நான் மாடிக்குப் போய் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்தக் கைதட்டலும் தந்ததில்லை.

அந்தச் சிரிப்பு அங்கே நிற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அடுத்த வாரமும் அத்தா திரையில் வந்தார். அதற்கடுத்த வாரம், முதல் நாற்காலிக்காரர் சொன்ன ஒரு மொக்கைக்கும் அதே தலை சாய்த்து, அதே ஓட்டைப்பல்லோடு சிரித்தார். எடிட்டருக்கு அந்த ஷாட் ரொம்பப் பிடித்துப்போயிற்று. கடைக்கு வருகிறவர்கள், "என்ன பாய், வாரா வாரம் கடையப் பூட்டிட்டு அங்கதான் போறீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "ஒரு தடவதாம்ப்பா போனேன்," என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஒரு வாரம், பெண்டாட்டி செய்கிற பிரியாணியைக் கிண்டலடித்து ஒருவர் பேச, அதற்கும் அத்தா குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டார். அம்மா டிவியை அணைத்தார்.

"என் பிரியாணி அவ்ளோ சிரிப்பா இருக்குதா உங்களுக்கு?"

"நான் அங்க இல்லவே இல்லம்மா."

"என் கண்ணால பாத்தேனே."

அன்று எங்கள் வீட்டில் ரசமும் அப்பளமும்தான்.

இதற்குப் பிறகாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பிரியாணி ஜோக்குக்கு ஒட்டிய சிரிப்பு என்றால் பெயின்ட் ஜோக்குக்கும் ஒட்டியதுதானே? தொழில் தெரிந்தவன் நான். ஆனால் நினைக்கவே இல்லை. மற்றவர்களுக்கு வந்தது ஒட்டு, எனக்கு வந்தது அசல் என்று உறுதியாக இருந்தேன். ஆசைப்பட்டதை நம்புவதற்கு எனக்கு யாரும் பட்டன் அழுத்த வேண்டியிருக்கவில்லை.

அத்தா ஒரு மழைக்காலத்தில் மௌத்தானார். நெஞ்சு வலி என்று சொல்லிக் கடையிலேயே உட்கார்ந்தவர், குரோம்பேட்டை ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அந்த ஷாட் வந்துகொண்டிருந்தது. அக்கா போன் செய்வாள். "அத்தா வந்தாருடா இன்னிக்கு." எந்த ஜோக்குக்கு என்று இருவரும் பேசிக்கொள்ள மாட்டோம். அம்மா, யார் பேசுகிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், அந்த ஒரு நொடிக்காக முழு நிகழ்ச்சியையும் உட்கார்ந்து பார்ப்பார்.

கொஞ்ச காலத்தில் நான்காவது நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். என்னை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறவன் எடிட்டிங் அறையிலும் உட்கார வேண்டும். எடிட்டர் பிரபு நல்ல பிள்ளை. ஒரு நாள் அவர் அந்த ஷாட்டை எடுத்து ஒட்டும்போது, "இது எங்க அத்தா பிரபு. என் பேச்சுக்குச் சிரிச்சது," என்றேன்.

பிரபு திரும்பி என்னைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார்.

"சார், உங்க டர்ன்ல மேடைக்கு ப்ளூ லைட் போடுவோம். முன்னாடி ரெண்டு மூணு வரிசை சட்டையெல்லாம் நீலமா தெரியும். இதுல சட்டை பளிச்சுன்னு வெள்ளையா இருக்கு பாருங்க. இது காலைல எடுத்த சிரிப்பு."

பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. இத்தனை வருடம், இத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

அன்று நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். பல்லாவரத்தில் இருக்கிறாள். டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அன்று காலை என்ன நடந்தது என்று கேட்டேன். இவ்வளவு நாள் கழித்து இது எதற்கு என்றாள். சொல்லு என்றேன்.

"எல்லாரையும் சிரிக்கச் சொன்னாங்க. அத்தா சும்மா உக்காந்துட்டு இருந்தாரு. அந்த ஆளு மைக்ல, 'வெள்ளச் சட்டை பாய், நீங்களும் சிரிங்க'ன்னான். அத்தா எழுந்து நின்னு, 'நீங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலியே தம்பி'ன்னாரு. ஹாலே சிரிச்சுது. பக்கத்துல அந்த வேன் அக்கா இருந்தாங்கல்ல, அவங்க சிரிக்கிற சிரிப்பப் பாத்து இவருக்கும் வந்துடுச்சு. அடக்கவே முடியல அவரால."

ஆக, அத்தா சிரித்தது அத்தாவின் ஜோக்குக்கே. சொல்லப்போனால் அன்றைய நிகழ்ச்சியில் அதுதான் நல்ல ஜோக்.

"அப்ப நான் பேசும்போது?"

அக்கா டீ டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"நீ பேசும்போது அவரு மேடையவே பாக்கல. திரும்பி உக்காந்துட்டாரு."

"கோபமா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். கடைக்கு வர்றவங்க யாராச்சும் பின்னாடி இருக்காங்களோன்னு பாக்குறாருன்னு நெனச்சேன். 'முன்னாடி பாருங்கத்தா, தம்பி பேசுறான்'னு சட்டையப் பிடிச்சு இழுத்தேன். 'இரும்மா, எல்லாரும் சிரிக்கிறாங்களான்னு பாக்குறேன்'னாரு."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாலாவது வரிசைல ரெண்டு பேரு சிரிக்காம உக்காந்திருந்தாங்கடா. அவங்களையே பாத்துட்டு இருந்தாரு. வேற எங்கயும் பாக்கல."

"அவங்க சிரிச்சாங்களா?"

"கடைசில சிரிச்சாங்க. அப்புறம்தான் இவரு முன்னாடி திரும்பினாரு. அதுக்குள்ள நீ வணக்கம் சொல்லிட்ட."

அக்கா வீட்டில் அழுதேன். அவளும் அழுதாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "டிவில சிரிச்சதப் பாத்து நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தியே," என்றாள்.

மறுநாள் பிரபுவிடம் போய், அன்றைய ஷூட்டிங்கின் முழுப் பதிவும் எங்காவது இருக்குமா என்று கேட்டேன். கூட்டத்தைப் பார்த்து ஒரு காமிரா எப்போதும் ஓடும், அதில் அத்தா திரும்பி உட்கார்ந்திருப்பது இருக்கும். அவருடைய பின்தலை தெரிந்தால்கூடப் போதும் என்றேன். பிரபு பழைய ஹார்டு டிஸ்க்கை எல்லாம் நோண்டிப் பார்த்தார். அன்றைய ஷூட்டிங் இருந்த டிஸ்க்கில் இப்போது ஒரு சமையல் நிகழ்ச்சி இருந்தது.

"பழைய பதிவு இருந்திருந்தாலும் அந்த ஷாட் கிடைச்சிருக்காது சார்," என்றார். "ஆடியன்ஸ்ல யாராவது பின்னாடி திரும்பியிருந்தா அது வேஸ்ட் ஷாட். மொதல்ல அதத்தான் அழிப்போம்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானே பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை பின்தலைகளை அழிக்கச் சொல்லியிருக்கிறேனோ.

அந்த நிகழ்ச்சி நின்றுபோயிற்று. அதோடு அத்தாவின் சிரிப்பும் டிவியை விட்டுப் போயிற்று. அம்மா இப்போது சீரியல் பார்க்கிறார், பாதியில் தூங்கிவிடுகிறார். கடை இருந்த இடத்தில் மொபைல் ரிப்பேர் நடக்கிறது. வள்ளி அக்கா வேனை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சிரிப்புக்கு இப்போது வேன் அனுப்ப வேண்டியதில்லை, கம்ப்யூட்டரில் எந்த அளவில் வேண்டுமானாலும் இருக்கிறது. ரேடியோவில் எனக்குப் பதிலாக யார் பேசுகிறார்கள் என்று தெரியாது. நான் ஆட்டோவில் போகும்போது ஓடினால் பாட்டை மட்டும் கேட்கிறேன்.

எனக்கு இப்போது வருமானம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஆண்டு விழாவில்தான். நேற்று கேளம்பாக்கத்தில் ஒன்று. அரசியல் வேண்டாம், மதம் வேண்டாம், மாமியார் வேண்டாம், மெயின்டனன்ஸ் சார்ஜ் பற்றி வேண்டவே வேண்டாம் என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மீதி இருந்ததைப் பேசினேன். திறந்த வெளி, சாயங்கால வெளிச்சம், என் முகத்தில் விளக்கு எதுவும் அடிக்கவில்லை. எல்லா முகமும் தெரிந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் ஓரளவு சிரித்தார்கள், சிலர் போனில் படம் எடுத்தார்கள். நாலாவது வரிசையில் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். முன்பென்றால் அப்படிப்பட்டவர்கள் என் கண்ணிலேயே பட மாட்டார்கள். இப்போது அவர்களையும் நானேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.